பண்ணைக் காணியை மீளக் கட்டும் முன்: நிலத்தோற்றத் தாக்கத்தையும் காட்சித் தாக்கத்தையும் மதிப்பிடும் முறை

கொழும்பு மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில், ஹோமாகமவைத் தாண்டிப் பாதுக்க, ஹங்வெல்ல, கொஸ்கம, அவிசாவளை என நீளும் பகுதியில், கைவிடப்பட்ட கோழிப்பண்ணைகளும் காய்ப்புக் குறைந்த தென்னந்தோட்டங்களும் சிறு இறப்பர்க் காணிகளும் வீடமைப்புத் திட்டங்களாகவும் விடுமுறை விடுதிகளாகவும் களஞ்சியசாலைகளாகவும் மாறி வருகின்றன. காணியின் சொந்தக்காரர் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருப்பார்; வரைபடம் போடுபவரின் அலுவலகமும் நகருக்குள்தான் இருக்கும்; அந்தக் காணியைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ்பவர்கள் மட்டும் வேறு ஆட்கள். அவர்கள் நின்று பார்க்கும் இடங்களிலிருந்து மாற்றத்தைக் கணிப்பதே இந்த மதிப்பீட்டின் வேலை. கட்டடக்கலைஞர், பொறியியலாளர், திட்டமிடல் படிக்கும் மாணவர், காணிச் சொந்தக்காரர் ஆகியோர் அதைச் செய்துபார்க்கும் விதத்தில் இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன்.

முதலில் சட்ட நிலையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை, 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்குள் 1988 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. எந்தெந்தத் திட்டங்களுக்கு அது வேண்டும் என்பதை 1993 ஜூன் 24 ஆம் திகதிய 772/22 இலக்க வர்த்தமானியும் பின்வந்த திருத்தங்களும் சொல்கின்றன. 50 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துப்புரவாக்குதல், 99 அறைகளுக்கு மேற்பட்ட விடுதி போன்றவை அந்தப் பட்டியலில் இருப்பதால், பத்து ஏக்கர் கோழிப்பண்ணையை வீடுகளாக மாற்றும் திட்டம் பெரும்பாலும் அதற்குள் சிக்காது. ஆனால் வயல் துண்டு ஒன்று காணிக்குள் இருந்தால், அதை நிரப்ப 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் எழுத்து மூல அனுமதி வேண்டும். பலா, ஈரப்பலா மரங்களைத் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். கட்டடத்துக்குப் பிரதேச சபையும், பிரகடனப்படுத்தப்பட்ட பகுதியாயின் நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளும் உண்டு. இவற்றில் எதுவுமே, பக்கத்து வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று நேராகக் கேட்பதில்லை. சட்டம் கேட்காவிட்டாலும் இதைச் செய்வது நல்லது என்பது என் கருத்து. அயலவரின் ஆட்சேபம் அத்திவாரம் வெட்டிய பிறகு வருவதைவிட, வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே தெரிந்துவிடுவது செலவு குறைந்தது.

முறை என்று வரும்போது, உலகின் பல இடங்களில் எடுத்தாளப்படுவது பிரித்தானியாவின் நிலத்தோற்ற நிறுவகமும் சுற்றாடல் முகாமைத்துவ மதிப்பீட்டு நிறுவகமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி நெறிகள். அதன் மூன்றாம் பதிப்பு 2013 இல் வந்தது. அதன் எலும்புக்கூட்டை எடுத்துக்கொள்ளலாம். சதை இந்த மண்ணுடையதாக இருக்க வேண்டும், ஏனெனில் அங்குள்ள பருவமும் மரமும் வேலியும் இங்கே இல்லை.

இரண்டு கேள்விகளைப் பிரித்து வையுங்கள்

நிலத்தோற்றத் தாக்கம் என்பது இடத்துக்கே நேரும் மாற்றம்: மேட்டின் வடிவம், வயலுக்கும் மேட்டுநிலத்துக்கும் இடையிலான எல்லை, மரங்கள், பாதைகள், கட்டடங்கள் பரவியிருக்கும் விதம், இருட்டு, அமைதி. காட்சித் தாக்கம் என்பது மனிதருக்கு நேரும் மாற்றம்: குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட இடத்தில் நின்று காண்பது எப்படி மாறுகிறது என்பது. யாருமே பார்க்க முடியாத ஒரு பள்ளத்தில் உள்ள பழைய ஓடையை மண் போட்டு மூடினால் காட்சித் தாக்கம் ஏறத்தாழ இல்லை. நிலத்தோற்றத் தாக்கமோ பெரியது. மறுபுறம், நிலத்தில் எதையும் அழிக்காமல் நிறுத்தப்படும் ஒரு தண்ணீர்த் தாங்கி, விகாரைக் குன்றிலிருந்து தாழ்நிலத்தைப் பார்க்கும் காட்சியைக் கெடுத்துவிடலாம். அறிக்கையில் இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாக எழுதாவிட்டால், ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறை மூடிவிடும். அப்படி மூடப்பட்ட அறிக்கைகள் நிறைய உண்டு.

இப்போதைய நிலையை எழுதுதல்

நில அளவைத் திணைக்களத்தின் 1:10,000 வரைபடத்தை எடுத்து, காணியின் எல்லையைக் குறித்து, அதைச் சுற்றி ஒன்று முதல் இரண்டு கிலோமீற்றர் வரை ஆய்வுப் பரப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரே உயரமான மேடு இருந்தால் அந்தத் திசையில் மட்டும் பரப்பை நீட்டலாம். பிறகு காணியை நடந்து பாருங்கள். மேற்கு ஈரவலயத்தின் இந்த நாட்டுப்புறத்துக்கு ஒரு திரும்பத் திரும்ப வரும் அடுக்கு உண்டு: கீழே வயல், வயலோரத்தில் ஈரமான தாழ்நிலம், அதற்கு மேலே வீட்டுத் தோட்டங்கள், உச்சியில் இறப்பர் அல்லது தென்னை. உங்கள் காணி இந்த அடுக்கின் எந்தப் படியில் இருக்கிறது, திட்டம் எந்தப் படியைத் தாண்டுகிறது என்பதை ஒரு வெட்டுமுகப் படமாக வரைந்துவிட்டால், பாதி மதிப்பீடு அங்கேயே முடிந்துவிடும்.

பழைய பண்ணைக் கட்டடங்களை மதிப்பிடும்போது கவனம் தேவை. “ஏற்கனவே அசிங்கமான கொட்டில்கள்தான் இருக்கின்றன, புதிதாக எது வந்தாலும் அழகுதான்” என்ற வாதம் சொந்தக்காரரிடமிருந்து நிச்சயம் வரும். கோழிக்கொட்டில் நீளமானது, ஆனால் தாழ்வானது. முகடு மூன்று நான்கு மீற்றருக்கு மேல் போவது அரிது. அஸ்பெஸ்டஸ் கூரையும் காலப்போக்கில் பாசி பிடித்துச் சாம்பலும் கறுப்புமாக நிழலுக்குள் போய்விடும். அதே பரப்பளவில் பத்து மீற்றர் உயரமான இரண்டு மாடி வீடுகள் வரும்போது, பரப்பளவை மட்டும் ஒப்பிடுவது பொய்க் கணக்கு. கட்டடங்களின் மொத்தக் கன அளவு, முகட்டு உயரம், கூரை நிறம், காணிக்குள் அவை பரவும் விதம் ஆகிய நான்கையும் பழையதற்கும் புதியதற்கும் பக்கம் பக்கமாக எழுதுங்கள். இறப்பர்க் காணியில் பழைய புகையறை ஒன்று நின்றால், அது பழுதடைந்திருந்தாலும் அந்த இடத்தின் அடையாளமாக ஊராருக்கு இருக்கிறதா என்று கேட்டு அறிந்த பிறகே இடிக்கும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

வெள்ளமும் இங்கே உயரக் கணக்குக்குள் வருகிறது. 2016 மே மாத வெள்ளத்துக்குப் பிறகு களனி கங்கையின் தாழ்நிலங்களில் கட்டுபவர்கள் நிலமட்டத்தை உயர்த்தியே கட்ட விரும்புகிறார்கள். ஒன்றரை மீற்றர் மண் போட்டு அதன்மேல் ஒன்பது மீற்றர் கட்டினால், அயலவர் காண்பது பத்தரை மீற்றர். ஆகவே கட்டட உயரத்தை முடிக்கப்பட்ட தரையிலிருந்து சொல்லாமல், இப்போதுள்ள இயற்கை நிலமட்டத்திலிருந்து சொல்லுங்கள்.

யார், எங்கே நின்று பார்க்கிறார்கள்

உயரத் தரவை வைத்துக் கணினியில், திட்டம் எங்கெங்கிருந்து தெரியக்கூடும் என்று காட்டும் பார்வைப் பரப்பு வரைபடம் ஒன்றை உருவாக்கலாம். கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசமாகவே அதைச் செய்யும். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் விண்கல உயரத் தரவு 2000 பெப்ரவரியில் ராடர் மூலம் எடுக்கப்பட்டது. 30 மீற்றர் கட்டங்களாக இருப்பதோடு, தோப்புள்ள இடங்களில் மர உச்சியின் உயரத்தையும் ஓரளவு தரையோடு சேர்த்தே காட்டும். அன்று நின்ற மரம் இன்று இல்லாமலிருக்கலாம். எனவே அந்த வரைபடம் எங்கெங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கான பட்டியல் மட்டுமே. எங்கிருந்து தெரியாது என்பதற்குச் சான்று ஆகாது. புவி வளைவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டு கிலோமீற்றரில் அதனால் மறைவது ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர்தான்.

பார்வையிடங்களைத் தெரிவு செய்யும்போது பலர் பிரதான வீதியோரத்தில் காரை நிறுத்தி நான்கு படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். வாகனத்தில் விரைந்து போகிறவரின் பார்வை எல்லாவற்றிலும் குறைந்த கூருணர்வு உடையது; மாற்றத்தால் அதிகம் பாதிக்கப்படுபவர் வீட்டிலிருந்து பார்ப்பவரே. அடுத்து, நடந்து போகும் பாதைகள், வயல் வரம்புகள், ஆற்றில் குளிக்கும் துறைகள், பாடசாலை முற்றம், கோவில், விகாரை மளுவ (முற்றம்) ஆகியவை. விகாரை குன்றின்மேல் இருப்பது இங்கே வழக்கம் என்பதால், போயா நாளில் வருவோர் காணும் பரந்த காட்சி தனியாக மதிப்பிடப்பட வேண்டும். களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதையில் தினமும் கொழும்புக்கு வேலைக்கு வருபவர்களும் பார்வையாளர்கள்தான். வண்டி மெதுவாகப் போகும் பகுதிகளில் அவர்களுடைய பார்வை வீதிப் பயணியின் பார்வையைவிட நீண்ட நேரம் நிலைக்கும்.

அடிக்கடி விடுபட்டுப் போவது லயன்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். அவிசாவளைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீட்டுக்குள் இடம் குறைவு. சமையலைத் தவிர மற்ற வாழ்க்கையின் பெரும்பகுதி இஸ்தோப்பிலும் (வாசல் திண்ணையிலும்) அதற்கு முன்னாலுள்ள முற்றத்திலும்தான் நடக்கிறது. ஒரு லயன் வரிசையில் எல்லா வாசல்களும் ஒரே திசையைப் பார்ப்பதால், எதிரேயுள்ள சரிவில் நடக்கும் மாற்றம் ஒரு வீட்டுக்கு அல்ல, அந்த வரிசை முழுவதற்கும் ஒரே நேரத்தில் நேர்கிறது. மாடி வீட்டுக்காரர் திரைச்சீலையை இழுத்துவிடலாம். இவர்களுக்கு அந்த வசதி இல்லை. எனவே கூருணர்வு அட்டவணையில் லயன் இஸ்தோப்பை மிக உயர்ந்த வகையில் வைப்பதே சரி. வரைபடத்தில் லயன் ஒரு சின்னக் கோடாகத் தெரிவதால் அதைக் கடந்து போய்விடாதீர்கள். அங்கே சென்று, இருப்பவர்களிடம் அனுமதி கேட்டு, அந்த இஸ்தோப்பிலேயே அமர்ந்து பாருங்கள். உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம் நிற்பவருடையதைவிடத் தாழ்வு என்பதும் குறிப்பில் வர வேண்டும்.

மரம் மறைக்கிறதா

பச்சையாக இருப்பதெல்லாம் மறைப்பு ஆகாது. தென்னந்தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு ஏறத்தாழ 64 மரங்கள் என்ற வழக்கமான நடுகையில் மரத்துக்கு மரம் எட்டு மீற்றர் இடைவெளி இருக்கும். வளர்ந்த தோப்பில் ஓலை தலைக்கு வெகு உயரத்தில் இருக்க, கண்மட்டத்தில் தண்டுகள் மட்டுமே நிற்கும். தோப்புக்கு வெளியே பாதையில் நடந்தால், வரிசைகள் ஒரு கோட்டில் வரும்போது காணி முழுவதும் திறந்து, அடுத்த சில அடிகளில் தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகி மூடிக்கொள்வதைக் காணலாம். ஒரே இடத்தில் எடுத்த ஒரு படம் இந்த இரண்டில் எதையும் நிரூபிக்கப் போதாது. தென்னைக்கு நடுவே வரும் வெள்ளைச் சுவர், தண்டுகளின் கருமைக்குப் பின்னால் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

இறப்பர் வேறு விதம். இலை அடர்த்தியாக இருக்கும் மாதங்களில் அது நல்ல திரை. ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள காலத்தில் மரங்கள் இலை உதிர்க்கும். அந்தச் சில கிழமைகளில் மேட்டின் அந்தப் பக்கத்து வீட்டுக் கூரைகூட இந்தப் பக்கத்திலிருந்து தெரியும். பிரித்தானிய வழிகாட்டிகள் குளிர்காலத்தில் படம் எடுக்கச் சொல்வதற்கு இங்கே பொருந்தும் காலம் அதுதான். ஒக்டோபர் மழையில் எடுத்த படத்தை வைத்து “முழுதாக மறைக்கப்பட்டுள்ளது” என்று எழுதினால், பெப்ரவரியில் அந்த வாக்கியம் பொய்யாகிவிடும். மேலும் இறப்பர் ஏறத்தாழ 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடுகை செய்யப்படும் பயிர். அயல் காணியின் இறப்பரைத் தன் திட்டத்தின் திரையாகக் கணக்கில் எடுப்பவர், அந்த மரங்களின் வயதைக் கேட்டு எழுத வேண்டும். காணிக்கு வெளியேயுள்ள எந்த மரமும் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை.

வயலுக்கும் பருவம் உண்டு. நாற்று நட்ட வயலின் நீர்ப்பரப்பில் எதிரேயுள்ள கட்டடம் தலைகீழாகத் தெரியும். அறுவடைக்கு முன் அது இல்லை. இரண்டு நிலைகளிலும் பார்த்துவிட்டுக் கடுமையானதை அறிக்கையில் வையுங்கள்.

அளவெடுத்தலும் படமெடுத்தலும்

கைபேசிக் கமராவின் அகலக் கோணம் தூரத்துப் பொருளைச் சிறிதாக்கிக் காட்டும். முழுச்சட்டக் கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லையை, தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில், முக்காலியில் வைத்து எடுங்கள். அது கிடையாக ஏறத்தாழ 40 பாகைப் பரப்பைத் தரும். மழை ஓய்ந்து வானம் தெளிந்த, சூரியன் கமராவுக்கு எதிரே இல்லாத நேரம் நல்லது. ஒவ்வொரு படத்துக்கும் திகதி, நேரம், திசை, ஆள்கூறு, காணி எல்லைக்கான தூரம் ஆகியவற்றைக் களத்திலேயே எழுதிவிட வேண்டும்.

படத்தைவிட எளிய ஒரு கருவியும் உண்டு. ஒரு சிறிய அடிமட்டத்தில் 57 சென்ரிமீற்றர் நீளமான நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைக் கண்ணருகே பிடித்து, அடிமட்டத்தை எதிரே நீட்டுங்கள். இப்போது அடிமட்டத்தின் ஒரு சென்ரிமீற்றர் ஒரு பாகைக்குச் சமம். பத்து மீற்றர் உயரமான கட்டடம் 570 மீற்றரிலிருந்து ஒரு சென்ரிமீற்றராகவும், 190 மீற்றரிலிருந்து மூன்று சென்ரிமீற்றராகவும் இருக்கும். எதிரேயுள்ள மேட்டின் உயரத்தையும் தென்னையின் உயரத்தையும் அதே அடிமட்டத்தில் அளந்தால், புதிய கூரை மேட்டு விளிம்பைத் தாண்டி வானத்தில் நிற்குமா, மரப் பின்னணிக்குள் அடங்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். கூரை வானத்தில் நிற்பதும் பின்னணிக்குள் அடங்குவதும் ஒன்றல்ல. தாக்கத்தின் அளவைத் தீர்மானிப்பதில் இதைவிட முக்கியமான ஒன்று இல்லை என்றே சொல்வேன்.

இன்னொரு வழி, முகடு வரவிருக்கும் இடத்தில் மூங்கில்களைச் சேர்த்துக் கட்டி, சரியான உயரத்தில் செம்மஞ்சள் துணியைப் பறக்கவிட்டு, ஒவ்வொரு பார்வையிடத்துக்கும் போய்ப் பார்ப்பது. ஊராரும் அதைக் காண்பார்கள். காணட்டும், கேள்வி கேட்கட்டும். சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் விதிகளுக்கு அமைய ட்ரோன் பறக்கவிட முடிந்தால், அதை முகட்டின் உயரத்தில் நிறுத்திச் சுற்றிலும் படம் எடுங்கள். அந்தப் படத்தில் எந்த வீட்டின் வாசல் தெரிகிறதோ, அந்த வாசலுக்கு உங்கள் முகடும் தெரியும். ஆனால் அதே ட்ரோன் 60 மீற்றர் உயரத்தில் எடுத்த வண்ணப் படத்தை அறிக்கையின் முகப்பில் போடுவதில் பயனில்லை. அந்த உயரத்தில் யாரும் குடியிருப்பதில்லை.

மதிலும் வெட்டுச் சரிவும்

வீடுகளைப் பற்றியே எழுதிவிட்டு மதிலை மறந்துவிடும் அறிக்கைகளே அதிகம். பண்ணைக் காணியின் எல்லை பெரும்பாலும் கிளிரிசிடியாக் கதியால் வேலி; அதன் ஊடாகப் பார்வை போகும், ஒழுங்கையில் நடப்பவருக்கு ஒரு பக்கம் பச்சையாகவும் ஆழமாகவும் இருக்கும். அந்த இடத்தில் இரண்டு மீற்றர் சீமெந்து மதில் எழுந்தால், நிற்பவரின் கண்மட்டத்துக்கு மேலே அது போய்விடுவதால், உள்ளே எவ்வளவு அழகான வீடு இருந்தாலும் ஒழுங்கைக்குக் கிடைப்பது மதில் மட்டுமே. காணியைத் துண்டு துண்டாகப் பேர்ச் என்ற சிறு நில அளவின் கணக்கில் விற்கும் திட்டங்களில் இது இன்னும் மோசம்: வாங்குபவர் ஒவ்வொருவரும் தனித்தனி மதில் கட்டுவார், சொந்தக்காரரின் வரைபடத்தில் அது இருக்காது. ஆகவே மதிப்பீட்டில் துண்டு எல்லைகளின் மொத்த நீளத்தையும் கணக்கிட்டு, வேலி மட்டும் போடலாம் என்ற நிபந்தனையைக் காணி உறுதிப் பத்திரத்திலேயே எழுதும்படி பரிந்துரையுங்கள்.

பாதை வெட்டும்போது வெளிப்படும் கபுக் (செம்பூரான்கல்) மண்ணின் சிவப்பு, பச்சைப் பின்னணியில் ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் தெரியும். சாய்வு குறைந்த சரிவாக வெட்டிப் புல் பிடிக்க வைத்தால் சில மழைக்காலங்களில் அடங்கிவிடும். செங்குத்தாக வெட்டித் தாங்கு சுவர் கட்டினால் அடங்காது. கட்டுமானக் காலத்துத் தாக்கத்தையும் முடிந்தபின் வரும் தாக்கத்தையும் தனியாக எழுத வேண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.

தீர்ப்பை எழுதுதல்

ஒவ்வொரு பார்வையாளரின் கூருணர்வையும், மாற்றத்தின் பருமனையும் (அளவு, பரவல், காலம், மீளக்கூடிய தன்மை) எடைபோட்டு, தாக்கம் முக்கியமானதா என்று முடிவு சொல்ல வேண்டும். இதற்குப் பலர் ஒரு கட்ட அட்டவணையை வைத்து, குறுக்கும் நெடுக்கும் பார்த்து “மிதமானது” என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அட்டவணை முடிவைத் தராது. காரணமே முடிவைத் தரும். ஒரு மாதிரி:

“பார்வையிடம் 4, லயன் வரிசையின் முற்றம், எல்லையிலிருந்து 190 மீற்றர். இப்போது வயலுக்கு அப்பால் தாழ்ந்த கொட்டில் கூரைகள் இரண்டும் அவற்றின் பின்னே தென்னை வரிசையும் தெரிகின்றன. வானவிளிம்பு முழுவதும் மரம். திட்டம் நிறைவேறினால் ஆறு கூரைகள் தெரியும்; அவற்றுள் இரண்டு வானவிளிம்பைத் தாண்டும். வசிப்பவர் நாள் முழுவதும் காணும் காட்சி என்பதால் கூருணர்வு உயர்வு. மாற்றம் நிரந்தரம், பருமன் பெரிது. தாக்கம் பாதகமானது, முக்கியமானது. மேல்வரிசை வீடுகள் இரண்டையும் சரிவில் கீழிறக்கினால் வானவிளிம்பு காக்கப்படும். அப்போது பருமன் மிதமான அளவுக்குக் குறையும்.”

இவ்வளவு எழுதினால், படிக்கும் அலுவலர் உடன்படாவிட்டாலும் எந்த இடத்தில் உடன்படவில்லை என்று சொல்ல முடியும். சாதகமான தாக்கத்தையும் இதே கண்டிப்போடு எழுதுங்கள். இடிந்த கொட்டிலை அகற்றுவது நன்மைதான், அது யாருக்கு, எங்கிருந்து என்று சொல்லப்பட வேண்டும். அயலில் ஏற்கனவே அனுமதி பெற்ற வேறு திட்டங்கள் இருந்தால், அவை எழுந்துவிட்டதாக வைத்துக்கொண்டு கூட்டுத் தாக்கத்தையும் பாருங்கள்.

குறைக்கும் வழிகளில் மரம் நடுவதைக் கடைசியில் வையுங்கள். முதலில் கட்டடத்தின் இடத்தை மாற்றுவது, அடுத்து முகட்டைத் தாழ்த்துவது, பிறகு நீண்ட கூரையைத் துண்டாக உடைப்பது, அதன்பின் நிறம். பளபளக்கும் நீல, சிவப்புத் தகடுகளும் வெள்ளைச் சுவர்களும் வெயிலில் தூரம்வரை எறிக்கும். கலிகட் ஓடும் மங்கிய மண்நிறச் சுவரும் அடங்கும். பச்சை வர்ணம் இயற்கையோடு கலக்கும் என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம். எந்த மரமும் வர்ணப் பச்சையில் இல்லை. தண்ணீர்த் தாங்கியைக் கூரைக்குள் அடக்குங்கள். நிற்கும் பலாவையும் ஈரப்பலாவையும் காப்பாற்றும் விதமாகப் பாதையை வளைப்பது, நூறு கன்று நடுவதைவிடப் பயன் தரும். நட வேண்டியிருந்தால், நெட்டிலிங்கத்தை ஒரே வரிசையாக நட்டுப் பச்சை மதில் ஒன்றை உண்டாக்காமல், கமுகு, கித்துள், பலா, மா என்று வீட்டுத் தோட்டத்தில் உள்ளபடி கலந்து, முன்பின்னாக நடுங்கள். திட்டம் முடிந்த முதலாம் ஆண்டிலும், கன்றுகள் வளர்ந்தபின் ஒரு குறித்த ஆண்டிலும் காட்சி எப்படி இருக்கும் என்று இரண்டு தீர்ப்புகள் வேண்டும். முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொல்வது நேர்மையல்ல.

இரவையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பண்ணை இரவில் இருட்டு. வீதி விளக்கும் வாசல் விளக்கும் வந்தால் வயலின் அக்கரை வரை தெரியும். கீழ்நோக்கி மூடிய, 3000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் ஒளி விளக்குகளையே அறிக்கையில் கேளுங்கள்.

அறிக்கையின் இணைப்பில் பார்வையிட வரைபடத்தை எஸ்.எல்.டி. 99 என்ற இலங்கை நில அளவை முறையின் ஆள்கூறுகளோடும், கமரா, வில்லை, உயரம், நேர விபரங்களோடும் சேருங்கள். கூரைகள் ஏறியபின் அதே இடங்களில், முடிந்தால் அதே மாதத்தில், அதே வில்லையோடு படம் எடுத்து அனுமதி நிபந்தனைகளோடு ஒப்பிடும் பொறுப்பு யாருடையது, அந்தச் செலவை யார் ஏற்பது, நட்ட கன்றுகள் பட்டுப்போனால் எத்தனை ஆண்டுவரை மறுபடி நட வேண்டும் என்பவற்றையும் அதே இணைப்பில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.